ஊருக்கு வந்து திரும்ப: ஸ்டாம்பிங்கா, அட்வான்ஸ் பரோலா?

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பமும் நிலுவையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா மட்டும் காலாவதியாகிவிட்டது. இந்த நிலையில் குன்னூருக்கு வந்து திரும்ப இரண்டு வழிதான் உண்டு. சென்னை அமெரிக்க கான்சுலேட்டில் நேர்காணல் முடித்து, பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டிக்கொண்டு (இதைத்தான் ஸ்டாம்பிங் என்கிறோம்) திரும்பலாம். அல்லது கிளம்புவதற்கு முன் அமெரிக்காவிலேயே அட்வான்ஸ் பரோல் (ஏபி) என்ற, திரும்பி வருவதற்கான முன்அனுமதித் தாளை வாங்கிக்கொண்டு, விசா இல்லாமலே திரும்பலாம். தங்கை கல்யாணத்துக்குத் தை மாதம் வந்த நான் இரண்டாவதை எடுத்தேன். கோத்தகிரி நண்பர் ஒருவர் முதலாவதை எடுத்தார். சட்டப்படி இரண்டுமே சரி. ஆனால் வந்த வேலை முடிந்ததும் குறித்த தேதியில் திரும்பியாக வேண்டியவருக்கு ஏபி-யைத்தான் நான் சொல்வேன்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடலாம். விசா இன்னும் செல்லுபடியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எச்-1பி காரர்களும், நிறுவனம் மாற்றி அனுப்பும் எல்-1 விசாக்காரர்களும் அந்த விசாவிலேயே போய்த் திரும்பினால் ஐ-485-க்கு ஒன்றும் ஆகாது. மாணவர் விசாவில் இருந்தபடியே ஐ-485 போட்டவர்களுக்குத் தேர்வே கிடையாது. ஏபி இல்லாமல் விமானம் ஏறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செலவு என்று பார்த்தால் ஸ்டாம்பிங்குக்கு 205 டாலர், ஏபி-க்கான ஐ-131 படிவத்துக்கு 630 டாலர். 2024 ஏப்ரல் 1-க்கு முன் முழுக் கட்டணம் கட்டி ஐ-485 போட்டவர்களுக்கு, அது நிலுவையில் இருக்கும்வரை ஏபி-க்குத் தனிக் கட்டணம் இல்லை. 2020 அக்டோபரில் கிரீன் கார்டு வரிசையின் தேதிகள் திடீரென்று முன்னேறியபோது விண்ணப்பித்த நம்மவர்கள் பலரும் இதில் அடக்கம்.

பணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: காத்திருப்பு எந்த ஊரில் நடக்கப்போகிறது?

ஏபி-க்கும் காத்திருக்கத்தான் வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். ஆனால் அந்த மாதங்களில் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சம்பளம் வருகிறது, வீட்டு வாடகை தன்பாட்டில் போகிறது. தாமதமானால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஸ்டாம்பிங்கில் காத்திருப்பது ஊரில். பாஸ்போர்ட் கான்சுலேட்டில் இருக்கும், வேலை கடலுக்கு அப்பால் இருக்கும், அந்த வேலையை இங்கிருந்து செய்யப் பல நிறுவனங்கள் விடுவதில்லை.

நடைமுறையைப் பாருங்கள். கைரேகை எடுக்க ஒரு நாள், நேர்காணலுக்கு இன்னொரு நாள். பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து, காலையில் சென்ட்ரலில் இறங்கி அண்ணா சாலைக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். சில சமயம் அதுவும் அடைபடும். இந்த அலைச்சலைக்கூடச் சமாளித்துவிடலாம். பயமெல்லாம் நேர்காணல் முடிந்து கையில் தரும் 221(ஜி) தாளைப் பற்றித்தான். அது கிடைத்தால் கூடுதல் பரிசீலனை நடக்கிறது என்று பொருள். எத்தனை நாளில் முடியும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். நாலு நாளிலும் முடியும், நாலு மாதமும் ஆகும்.

2025-இல் இந்த நிச்சயமின்மை இன்னும் கூடிவிட்டது. முன்பெல்லாம் புதுப்பிக்கிறவர்கள் நேர்காணல் இல்லாமல் டிராப்பாக்ஸ் என்ற முறையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். செப்டம்பர் 2 முதல் எச்-1பி-க்கு அந்த வசதி போய்விட்டது. அதே மாதம், சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் வந்துவிட்டதால், வேறு நாட்டில் போய் ஸ்டாம்ப் செய்யும் குறுக்குவழியும் அடைபட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்கள், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசா விண்ணப்பதாரர்கள் ஆகியோரின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அதை ஒட்டி இந்தியாவில் பலருடைய டிசம்பர் நேர்காணல்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. என் நண்பர் அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர். தேதி தள்ளிப்போன மின்னஞ்சல் வந்தபோது அவர் ஏற்கெனவே கோத்தகிரியில் இருந்தார். தவறு எதுவும் அவர் செய்யவில்லை, தாள்களும் சுத்தம். என்றாலும் சம்பளமில்லா விடுப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பும் தாள் முதலில் கையில் இருக்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கும். போனில் கல்யாணத் தேதி பேசும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: “திரும்பிப் போற தாள் கையில வந்துருச்சா? வந்தப்புறம் டிக்கெட் போடு.”

ஏபி-யில் மீறக்கூடாத விதியும் அதுதான். ஐ-131 போட்டுவிட்டு, ஒப்புதல் வரும் முன்பே கிளம்பினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இங்கே வந்து சேர்ந்தபின் வாங்கவும் வழியில்லை. கூட்டமில்லாத நாளில் கல்லாறு செக்போஸ்ட்டில் வண்டியை ஓரம்கட்டி, போனிலேயே இ-பாஸ் எடுத்து ஊட்டிக்கு ஏறிவிடுகிறார்களே, அப்படியெல்லாம் இதில் முடியாது. திரும்பி இறங்கும் நாளிலும் தாளின் தேதி முடியாமல் இருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமாகி அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால், குடிவரவுத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் அவசர ஏபி கேட்கலாம். அதற்கு நோயாளியின் பெயர், உறவு, என்ன சிகிச்சை என்பதெல்லாம் இருக்கும்படி மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலக் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதிய கடிதம் போதாது.

சரி, ஏபி-யில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் குறை, வரும் வழி. ஏபி விசா ஆகாது. ஐரோப்பாவில் விமானம் மாறுவதற்கே நம் பாஸ்போர்ட்டுக்கு டிரான்ஸிட் விசா கேட்கும் நிலையங்களில், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அதைக் கேட்கமாட்டார்கள். ஏபி தாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஐரோப்பாவைத் தொடாமல் வளைகுடா வழியாக டிக்கெட் போடுவது நல்லது. செக்-இன் கவுண்டரில் இருப்பவர் இந்தத் தாளைப் பார்த்தே இருக்கமாட்டார். புகைப்படம் அச்சிட்ட அந்தக் கடிதத்தில், விசா இல்லாமலே இவரை ஏற்றிச் செல்லலாம் என்று விமான நிறுவனத்துக்கு எழுதிய வரி இருக்கிறது. நான் அந்த வரியை விரலால் சுட்டிக்காட்டினேன். கவுண்டர் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் படித்துப் பார்த்து, அப்புறம்தான் போர்டிங் பாஸ் வந்தது. கவுண்டர் திறக்கும்போதே போய் நிற்பது உத்தமம்.

அமெரிக்காவில் இறங்கியதும் பெரும்பாலும் தனி அறைக்கு அனுப்புவார்கள். அடுத்த விமானத்துக்கு நிறைய நேரம் விட்டு வையுங்கள். 2025 அக்டோபர் 16 முதல் பரோலில் நுழைகிறவர்களுக்கு 1,000 டாலரில் தொடங்கிய ஒரு கட்டணம் வந்திருக்கிறது. ஐ-485 நிலுவையில் இருந்து ஏபி-யில் திரும்புகிறவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஐ-485 ரசீதையும் கையில் வைத்திருங்கள்.

இரண்டாவது குறைதான் கனமானது. ஏபி-யில் நுழைந்தால் நீங்கள் எச்-1பி-யில் நுழைந்தவர் இல்லை, பரோலில் வந்தவர். நுழைவுப் பதிவான ஐ-94-இலும் அப்படித்தான் பதிவாகும். அதே நிறுவனத்தில், எச்-1பி ஒப்புதல் முடியும் தேதிவரை வேலையைத் தொடரத் தடையில்லை. நிறுவனம் அடுத்த நீட்டிப்பு வாங்கும்போது எச்-1பி நிலை திரும்பவும் வந்துவிடும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஐ-485 நிராகரிக்கப்பட்டால் நிற்பதற்குக் கீழே தரை இருக்காது. ஆகவே பாதியில் வேலை மாறியவர்கள், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்து பதில் நிலுவையில் உள்ளவர்கள், போலீஸ் வழக்கு ஏதாவது இருந்தவர்கள் ஏபி-யைத் தொடும் முன் வக்கீலிடம் பேசிவிட வேண்டும். விண்ணப்பம் பலவீனமாக இருந்தால் காத்திருப்பைச் சகித்துக்கொண்டு ஸ்டாம்பிங்தான் பாதுகாப்பு. நீண்ட விடுப்பு கிடைக்கிறவர்கள், ஸ்டாம்ப் ஆனபின் அடிக்கடி வந்துபோக நினைக்கிறவர்கள், இவர்களுக்கும் அதில் லாபம் உண்டு. ஒருமுறை கிடைத்துவிட்டால் விசாவில் போட்ட தேதிவரை கவலையில்லை.

நான் தனியாள். மனைவி, பிள்ளைகள் எச்-4-இல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏபி வேண்டும் என்பதுவரை உறுதியாகச் சொல்வேன். ஒருவர் ஏபி-யிலும் மற்றவர் விசாவிலும் நுழைந்தபின் எச்-4 நீட்டிப்பை எப்படிக் கையாள்வது என்பது என் அனுபவத்தில் இல்லை, அதை வக்கீலிடம் கேளுங்கள். என் எச்-1பி நீட்டிப்புக்கான தாள்களைத் திரும்பிய வாரமே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டேன். ஏபி-யில் வருகிறவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.