மகரந்தமா, கருகிய விதையா: பழைய மனிதச் சூழலை எதைக் கொண்டு படிப்பது?

ஒரு பழங்காலக் குடியிருப்பைச் சுற்றி எத்தகைய காடு இருந்தது, அது எப்போது வயலாயிற்று, அந்த வயலில் என்ன விளைந்தது என்று தேடத் தொடங்குபவர், தம் உழைப்பை எந்தச் சான்றின் மேல் செலவிடுவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஏரி, சதுப்பு வண்டல்களில் தங்கிய மகரந்தம் ஒன்று. அகழாய்வு மண்ணில் கிடக்கும் கருகிய விதைகளும் மரக்கரியும் இன்னொன்று. செடியின் திசுக்களுக்குள் உருவாகி, செடி மக்கிய பின்னும் மண்ணில் எஞ்சும் பைட்டோலித் எனும் சிலிக்கா நுண்துகள் மூன்றாவது. மூன்றையும் ஒருங்கே செய்வதே சிறந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மூன்றுக்கும் வேண்டிய ஆய்வகமும் ஆட்களும் காலமும் ஒரே திட்டத்தில் அமைவது அரிது. அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நான் கருகிய விதைகளின் பக்கம் சென்றேன். இன்று மீண்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே செய்வேன். அதற்கு முதன்மையான காரணம் காலக்கணிப்பு.

மகரந்தத்தின் வலிமையை முதலில் சொல்லிவிடுவது நியாயம். மகரந்தத்துகளின் வெளியுறை ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. காற்றுப்படாத ஈர வண்டலில் அது பல்லாயிரம் ஆண்டுகள் சிதையாமல் இருக்கும். வண்டலின் சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் இட்டாலும் உறை அழிவதில்லை. 1916ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட் சதுப்பு நில மகரந்தங்களை அடுக்கடுக்காக எண்ணி, விழுக்காடுகளாக வரைபடத்தில் காட்டியதிலிருந்து, ஒரு வட்டாரத்தின் தாவர வரலாற்றைத் தொடர்ச்சியாகப் படிக்க இதற்கு இணையான வழி அமையவில்லை. டென்மார்க்கின் யோஹன்னஸ் இவெர்சன் 1941இல் வெளியிட்ட ஆய்வில், மர மகரந்தம் திடீரெனக் குறைவதும், கரித்துகள்கள் தோன்றுவதும், மேய்ச்சல் நிலக் களையான பிளான்டாகோ தலைகாட்டுவதும், பிறகு பிர்ச், ஹேசல் ஆகிய மரங்கள் மீண்டும் எழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் உழவர்கள் காட்டை அழித்துக் குடியேறிய நிகழ்வாக அவர் அதை விளக்கினார். காடு குறைந்ததையும் மீண்டதையும் இவ்வளவு தெளிவாக ஒரு பானை நெல்மணியால் சொல்லிவிட முடியாது.

ஆனால் கேள்வி காட்டிலிருந்து வயலுக்கு நகரும்போது மகரந்தத்தின் பேச்சு தெளிவிழக்கிறது. புல் குடும்பத்தின் மகரந்தங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. தானியப் பயிரைக் காட்டுப் புல்லிலிருந்து பிரிக்கத் துகளின் அளவையும் துளையைச் சுற்றிய வளையத்தின் விட்டத்தையும் மைக்ரான் கணக்கில் அளக்க வேண்டும். அப்போதும் சில காட்டுப் புற்கள் தானியத்தின் அளவுக்குள் வந்து விழுகின்றன. கோதுமையும் பார்லியும் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை செய்வன என்பதால், அவற்றின் மகரந்தம் உமிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. போரடிக்கும்போதும் தூற்றும்போதும்தான் மிகுதியாக வெளிவருகிறது. எனவே வயலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஏரியில் அது கிட்டாமல் போவது வழக்கம். பயறு வகைகளின் நிலை இன்னும் மோசம். தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் கொள்ளும் பாசிப்பயறும் பயிரிட்டார்கள் என்பதைக் கருகிய விதைகள்தான் காட்டின. மகரந்தத்தை மட்டும் நம்பியிருந்தால் அச்செய்தி நமக்குக் கிடைத்திருப்பது கடினம். மறுபுறம், காற்றுப் பைகள் கொண்ட பைன் மகரந்தமோ பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்து, அங்கே இல்லாத காட்டை இருப்பதுபோல் காட்டும்.

கருகிய விதைகளைச் சேகரிக்கும் முறை எளியது. குறித்த அடுக்கிலிருந்து, குறித்த அடுப்பிலிருந்து அல்லது குழியிலிருந்து அளந்தெடுத்த மண்ணை நீரில் கரைத்துக் கலக்கினால், கருகிய பொருள்கள் நீரைவிட இலேசானவையாக மேலே மிதந்து ஒரு கரிய படலமாகத் திரளும். அதைக் கால் மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையில் வடித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் விரைந்து காயும் மணிகள் வெடித்துவிடும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் பிரிக்கும் வேலை. நெல்லின் காம்படியை, அதாவது மணி காம்போடு ஒட்டியிருந்த இடத்தை, பார்ப்பது எனக்கு இன்றும் மிகப் பிடித்த பகுதி. தானாக உதிரும் காட்டு நெல்லின் காம்படித் தழும்பு வழவழப்பாக, ஒழுங்கான வட்டமாக இருக்கும். மனிதர் அடித்துப் பிரித்த பயிர் நெல்லின் தழும்போ பிய்ந்து, கரடுமுரடாகக் கிடக்கும். சீனாவின் தியான்லுவோஷான் தளத்தில் இந்தத் தழும்புகளை எண்ணியபோது, ஏறத்தாழ 6900 முதல் 6600 ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தில் உதிரா நெல்லின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாக உயர்ந்தது தெரியவந்தது. ஒரு பயிர் மனிதர் கையில் மாறிக்கொண்டிருந்ததை, அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இனி நான் முடிவெடுத்த இடத்திற்கு வருகிறேன். ஒரு சான்று எவ்வளவு அழகாகப் பேசினாலும், அது எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாவிட்டால், மனிதச் செயலோடு அதைப் பொருத்த முடியாது. உயிர்ப்பொருளில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனின் அளவிலிருந்து கணிப்பது ரேடியோகார்பன் வயது. 1970களின் இறுதியில் உருவான, அந்தக் கார்பன் அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலை (AMS) முறையால், ஓரிரு மில்லிகிராம் கார்பனைக் கொண்டே அந்த வயதைக் காண முடிகிறது. அதாவது, ஒரு தனி நெல்மணியை, ஒரு தனிப் பயற்றம்பருப்பை, அது என்ன தாவரம் என்று அடையாளம் கண்டு படமெடுத்த பின் நேரடியாகக் காலக்கணிப்புக்கு அனுப்பலாம். அடையாளமும் வயதும் ஒரே பொருளிலிருந்து கிடைக்கின்றன. மேலும், விதை ஒரே பருவத்தில் உருவாகி முடிவது. ஆகவே அதன் வயது அந்த அறுவடையின் வயது. நெடுநாள் வாழ்ந்த மரத்தின் உட்பகுதிக் கரியை அனுப்பினால், தீ மூட்டிய நாளைவிட நூற்றாண்டுக் கணக்கில் பழைய வயது வரக்கூடும்.

மகரந்தத்தில் நிலைமை வேறு. எண்ணப்படும் துகளுக்கு வயது காண்பதில்லை. அது கிடந்த வண்டலுக்கே காண்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை நிலத்து ஏரிகளில் பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பன் நீர்த்தாவரங்களுக்குள் புகுந்து, வண்டலைக் கூடுதல் வயதானதாகக் காட்டும். மகரந்தத்தை மட்டும் பிரித்துத் திரட்டி வயது காணும் முறைகள் இருந்தாலும், தூய மகரந்தத்தை வேண்டிய அளவு சேர்ப்பது கடும் உழைப்பு. அதனால்தான் மகரந்த ஆய்வாளர்களே ஏரியடியிலிருந்து குழாயால் எடுத்த தங்கள் வண்டல் தண்டில் நிலத்தாவரத்தின் இலைத் துணுக்கோ விதையோ அகப்படுமா என்று தேடுகிறார்கள். காலக்கணிப்பு என்று வரும்போது மகரந்தமும் கண்ணுக்குத் தெரியும் தாவர எச்சத்தின் மேல்தான் சாய்கிறது என்பது என் தேர்வுக்குப் பெரும் வலுச்சேர்த்தது.

விதைக்கும் இதில் ஆபத்து உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதனிடமே உண்டு. எகிப்தின் வாடி குப்பானியாவில், ஏறத்தாழ 17,000 முதல் 18,000 ஆண்டுப் பழைமை கொண்ட தளத்தில் பார்லி மணிகள் கிடைத்ததாக 1979இல் செய்தி வந்தது. வேளாண்மையின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளக்கூடிய செய்தி அது. மணிகளையே நேரடியாகக் காலக்கணிப்பு செய்தபோது, அவை மிகப் பிற்காலத்தில் அந்த அடுக்குக்குள் புகுந்தவை என்று தெரிந்தது. ஈராக்கின் ஷானிதர் குகையில் நியாண்டர்தால் மனிதரின் எலும்புகளோடு கிடைத்த பூ மகரந்தக் கொத்துகளை மலர் வைத்துச் செய்த அடக்கத்தின் அடையாளம் என்று கருதினார்கள். பின்னர், அவற்றை வளை தோண்டும் கொறிணிகளோ கூடு கட்டும் தேனீ இனங்களோ கொண்டுவந்திருக்கலாம் என்ற விளக்கங்கள் எழுந்தன. அங்கே வாதம் பல பத்தாண்டுகள் நீண்டது, ஏனெனில் ஒரு மகரந்தத்துகளை எடுத்து உன் வயது என்ன என்று கேட்க இயலவில்லை. பார்லி மணியிடம் கேட்க முடிந்தது.

கருகிய விதை எரிந்ததை மட்டுமே சொல்லும், சுற்றுச்சூழலைச் சொல்லாது என்ற மறுப்பு அடிக்கடி எழுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. தீயின் அருகே வராத கீரையும் கிழங்கும் பழமும் இதில் மிகக் குறைவாகவே எஞ்சும்; எண்ணெய் வித்துகள் எரியும்போதே சிதைந்துவிடும்; சாணத்தை எரிபொருளாக்கிய இடத்தில் கால்நடை மேய்ந்த புல்விதைகள் மனித உணவுபோல் வந்து கலக்கும். ஆனால் பயிரோடு வரும் களைவிதைகள் அந்த வயல் ஈரமானதா, வளமானதா என்பதற்குச் சாட்சி. கருகிய மணியில் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளின்) விகிதம் எருவிட்டதையும், கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் நீர் கிடைத்த அளவையும் காட்டுகின்றன. ஐரோப்பாவின் முதல் உழவர்கள் எருவிட்டே பயிர்செய்தார்கள் என்ற முடிவு 2013இல் இவ்வாறே எட்டப்பட்டது. விறகுக் கரி, குடியிருப்பைச் சுற்றி எந்த மரங்கள் இருந்தன என்பதற்குச் சான்றாகிறது. கலிலேயக் கடலோரத்தின் ஓஹாலோ தளம், 1989இல் நீர்மட்டம் தாழ்ந்தபோது வெளிப்பட்டு, 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடிசைத் தரைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தந்தது. வட்டாரம் முழுவதையும் அது காட்டாது; ஆனால் அம்மக்கள் கையால் தொட்ட சூழலை அதைவிட நெருக்கமாகக் காட்டும் சான்று அரிது.

பைட்டோலித்தைப் பற்றி நான் சொல்வது பிறர் தயாரித்த நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துப் பழகிய அளவில்தான். தீயிலும் காற்றுப்படும் மண்ணிலும் அது தாங்கும். கடும் காரமண்ணில் கரையும். அதனுள் சிக்கிய கார்பனைக் கொண்டு வயது காணும் முறை இன்னும் விவாதத்துக்குரியது. ஆயினும் விதையற்ற வாழையும் கிழங்குகளும் உணவாக இருந்த ஈர வெப்ப நிலங்களில் என் தேர்வு செல்லாது. பப்புவா நியூ கினியின் குக் சதுப்பில், ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பு மண்மேடுகள் அமைத்து வாழை வளர்த்ததற்கான சான்று வாழையிலையின் பைட்டோலித்களாகவே கிடைத்தது. அத்தகைய தளத்தில் நான் மண்ணை மிதக்கவிடும் முன் பைட்டோலித் மாதிரியையே எடுத்து வைப்பேன்.