திருநெல்வேலி உளவியல் வகுப்பு: ஆய்வுமுறைக்காகப் போகலாம், சான்றிதழுக்காக வேண்டாம்

ஆட்களின் மனதை வாசிக்கப் பழகலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன், ஒளிப்பானேன். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் ஏன் எனக்கு மட்டும் முகம் தருகிறார் இல்லை என்று கண்டுபிடிக்க 15,000 ரூபா கட்டி, 12 ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடி. பக்கத்து மேசை விஷயம் இன்னும் பிடிபடவில்லை.

வகுப்பை இரண்டு பேர் பிரித்து எடுக்கிறார்கள். முதல் ஏழு கிழமையும் அடிப்படைகளும் ஆய்வுமுறையும் எடுக்கிற சேர் இருக்கிறாரே, அவருக்காகவே இதை எழுதுகிறேன். நடத்தையையும் மனச் செயல்முறைகளையும் விஞ்ஞான முறையில் ஆராய்வது உளவியல் என்று ஒரு வரைவிலக்கணம், 1879இல் ஜேர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் தொடங்கிய முதல் உளவியல் ஆய்வுகூடம், அவ்வளவோடு வரலாறு முடிந்தது. அப்புறம் ஒரே கேள்வி: "இது உண்மையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" ஏழு கிழமையும் இந்தக் கேள்விதான்.

நாலாம் கிழமை, ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டோவில் படுகிற சின்ன வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு ஆளுக்கொரு துண்டு தந்தார். முன்வாங்குக்காரரின் துண்டில் "மோட்டார் சைக்கிள் ஓட்டோவில் தட்டுப்பட்டபோது என்ன வேகத்தில் வந்தது?" என்று இருந்தது. பின்வாங்குக்கு "அடித்து நொறுக்கியபோது". ஒருவர் துண்டை ஒருவர் பார்க்கவில்லை. கூட்டிப் பிரித்தால் முன்னுக்குச் சராசரி 31 கிலோமீற்றர், பின்னுக்கு 46. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்க, முன்வாங்கில் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் எழும்பினார்: "சேர், பின்னுக்கு இருக்கிறது முழுக்கப் பெடியள். உவங்கள் தாங்கள் ஓடுற வேகத்தைத்தானே எழுதுவாங்கள்?"

சேர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். யாராவது கேட்கட்டும் என்றுதான் வேண்டுமென்றே வாங்கு வாங்காகத் தந்திருக்கிறார். குழப்பும் மாறி (முடிவைக் குழப்பிவிடுகிற வேறொரு காரணம், இங்கே பெடியளின் வேகம்), எழுமாற்று ஒதுக்கீடு (யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கலுக்கு விடுவது) என்ற இரண்டும் அன்றைக்குத்தான் எனக்கு ஏறியது. அடுத்த கிழமை சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்து, வேறொரு வீடியோவோடு திரும்பச் செய்தோம், வித்தியாசம் 6 கிலோமீற்றராகச் சுருங்கிவிட்டது. அது சொல்லின் வேலையா, தற்செயலா என்று 22 பேரை வைத்துக்கொண்டு சொல்ல ஏலாது என்றார். அதற்குப் பிறகுதான் லொஃப்டஸும் பாமரும் 1974இல் வெளியிட்ட மூல ஆய்வுக்கே வந்தார்: 45 மாணவர்கள், ஐந்து வினைச்சொற்கள், கடுமையான சொல்லுக்கு மணிக்கு 40.8 மைல், மென்மையான சொல்லுக்கு 31.8. முதலிலேயே இந்த இலக்கங்களைச் சொல்லியிருந்தால் கொப்பியில் எழுதிவிட்டு மறந்திருப்பேன்.

இணைபு (இரண்டு விஷயம் சேர்ந்து கூடிக் குறைவது) வேறு, காரணம் வேறு என்பதற்கு அவர் எடுத்த உதாரணம் நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் ஐஸ்கிரீம் விற்பனையும் கூடும், சங்கிலி அறுப்பும் கூடும், அதற்காக ஐஸ்கிரீமைத் தடை செய்வதா? சனக்கூட்டம்தான் இரண்டையும் கூட்டுகிறது.

ஆறாம் கிழமை வினாக்கொத்து. இதைத் தவறவிட வேண்டாம். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழாக்கி "நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்களா?" என்று எங்கள் ஊரில் கேட்டால் என்ன பதில் வரும் என்று கேட்டார். இங்கே "ஒரே யோசனை" என்றால் கவலை. பிள்ளை வெளிநாட்டில், வட்டிக்கடன், காணாமல் போன மகன், எல்லாம் அதற்குள் அடங்கும். கேட்டவர் சிந்தனையை அளந்ததாக நினைப்பார், சொன்னவர் துயரத்தைச் சொல்லியிருப்பார். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே பதில்தான் வரும், ஆகவே நம்பகத்தன்மைக்குக் குறைவில்லை, ஏற்புடைமைதான் (அளக்க நினைத்ததையே அளப்பது) இல்லை. இந்த இரண்டையும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. யுத்தத்துக்குப் பிறகு படிவங்களோடு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அம்மம்மா சொன்ன பதில்களையெல்லாம் அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். "போனமுறையும் இதைத்தானே கேட்டனீங்கள் பிள்ளை" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து சொன்னார். மறுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, குறைகள். எட்டாம் கிழமையில் இருந்து வேறொருவர் வந்து பிரபலமான பரிசோதனைகளைக் கதைப்பிரசங்கம் போலச் சொன்னார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த (அதிர்ச்சி பொய், கொடுத்தவர்களுக்கு அது தெரியாது) மில்கிராமின் பரிசோதனையில், 40 பேரில் 26 பேர் 450 வோல்ற் வரை போனார்கள் என்று பயங்கரமாகச் சொல்லி நிறுத்திவிட்டார். கட்டளையிடுபவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் சொன்னபோது கீழ்ப்படிவு எவ்வளவோ குறைந்தது என்பதைச் சொல்லவில்லை. 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஏறக்குறைய 36 வீதத்தில்தான் புள்ளிவிபர ரீதியாக அதே முடிவு வந்ததென்று 2015இல் வெளியானதைப் பற்றிக் கேட்டேன். "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்றார். சேர் என்றால் ஒரு முழு வகுப்பே எடுத்திருப்பார்.

நோட்ஸ் படுமோசம். மூன்றாம் பக்கத்தில் சாரா மாறி (ஆய்வு செய்கிறவர் மாற்றிப் பார்க்கிற விஷயம்), ஒன்பதாம் பக்கத்தில் தற்சார்பற்ற மாறி. இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் ஒரு பெடியன் இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கிக்கொண்டு வந்தான். போட்டோக்கொப்பியில் வரைபடமெல்லாம் கறுப்புப் பெட்டி.

பெரிய கோபம் கவுண்டரில் இருக்கிறவர்கள் மேல். இந்தச் சான்றிதழோடு உளவளத்துணை (கவுன்சிலிங்) செய்யலாம் என்று சேர வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். 12 நாள் படிப்பை வைத்துக்கொண்டு தற்கொலை எண்ணத்தோடு வருகிற ஒருவருக்கு முன்னால் போய் இருப்பதா? சேரே இதை முதல்நாள் வகுப்பில் மறுத்தார், ஆனால் அதற்குள் எல்லோரும் காசு கட்டியாயிற்று.

ஐந்துக்கு மூன்றரை, அந்த மூன்றும் சேருக்கு. அடுத்த வகுப்பு தைப்பொங்கல் முடியத் தொடங்குமாம். கட்டுமுன் ஆய்வுமுறையை அவர்தான் எடுக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் காசு பத்திரம். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை மதிலோடு விடாதீர்கள், எதிர்வீட்டு ஐயா காற்றைத் திறந்துவிடுகிறார்.