ஜிஎம்ரெஸ்ஸோடு குடித்தனம்

"பெரிய ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ், சிமெட்ரி கிடையாது. எல்யு போடவா, ஜிஎம்ரெஸ் போடவா?" நண்பன் கேட்டான். பெரும்பாலும் பூஜ்ஜியமே நிறைந்த மேட்ரிக்ஸ் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கத்தான் இந்தக் கேள்வி: எல்யு மேட்ரிக்ஸை இரண்டு முக்கோணமாகப் பிரித்து நேராக விடை தரும், ஜிஎம்ரெஸ் படிப்படியாக விடையை நெருங்கும். இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன் என்பதால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

முதலில் ஜிஎம்ரெஸ்ஸின் நல்ல குணங்கள். 1986இல் சாத், ஷுல்ட்ஸ் இருவரும் கொடுத்த முறை. மேட்ரிக்ஸை முழுதாகக் கொடுக்கக்கூட வேண்டாம்; வெக்டரோடு பெருக்கித் தர ஒரு ஃபங்ஷன் இருந்தால் போதும். முப்பரிமாண மெஷ்ஷில் (இடத்தைச் சிறு கட்டங்களாக வெட்டிய வலையில்) எல்யு மூச்சு வாங்கும் இடத்திலும் அடக்கமான மெமரியில் ஓடும். எந்தப் படியிலும் ரெசிட்யூவல் (சமன்பாட்டின் இரு பக்கமும் இன்னும் எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு) ஏறாது என்று கணித உத்தரவாதமே உண்டு.

ஏறாது, சரி. குறைய வேண்டாமா?

என் தீராத எரிச்சல் இதுதான். படிக்கு ஒரு வெக்டரைச் சேர்த்து வைக்க வேண்டியிருப்பதால் இடையிடையே ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். பெட்ஸி என்ற மென்பொருள் நூலகத்தில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 30 படிக்கு ஒருமுறை. அதுவரை சேர்த்த வெக்டர்களெல்லாம் போய்விடும். ரெசிட்யூவல் ஒரே இடத்தில் படுத்துக்கொள்ளும். அந்த 30ஐக் கூட்டினால் சரியாகும் என்றும் நம்ப முடியாது, கூட்டியதால் மெதுவாகும் கணக்குகளும் இருக்கின்றன. பிரிகண்டிஷனர் (கணக்கை ஜிஎம்ரெஸ்ஸுக்கு எளிதாக்கித் தரும் தோராயத் தீர்வு) போடு என்பார்கள். எல்யுவை அரைகுறையாகச் செய்யும் ஐஎல்யு போட்டேன். ட்ராப் டாலரன்ஸ் (இதைவிடச் சிறிய எண்களைத் தூக்கிப்போடும் வரம்பு) ஆயிரத்தில் ஒன்று என்றால், வகுக்க வேண்டிய எண்ணான பிவட் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போய் எல்லாம் வெடிக்கிறது. லட்சத்தில் ஒன்று என்றால் மெமரி ஏறக்குறைய முழு எல்யு அளவுக்கு வந்து நிற்கிறது. அப்புறம் எதற்கு இந்தப் பாடு? எல்லாம் பொருந்தி வந்த அன்றே சிமுலேஷனில் டைம் ஸ்டெப்பை மாற்றினால், மறுபடி முதலிலிருந்து.

(மேட்ரிக்ஸ் சிமெட்ரிக், பாசிட்டிவ் டெஃபினிட், அதாவது ஐகன் மதிப்பெல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேல் என்றால் இந்தப் புலம்பலே வேண்டாம். 1952இலிருந்து கான்ஜுகேட் கிரேடியன்ட் என்ற முறை இருக்கிறது, பழைய வெக்டர்களைச் சுமக்காமலே போய்விடும்.)

எல்யுவும் யோக்கியம் இல்லை. முப்பரிமாணத்தில் மெஷ் இடைவெளியைப் பாதியாக்கினால் மாறிகள் 8 மடங்கு. நெஸ்டட் டிசெக்‌ஷன் என்று, பிரிக்கும்போது புதிதாக முளைக்கும் எண்களைக் குறைக்கும் வரிசை போட்டாலும் மெமரி சுமார் 16 மடங்கு, வேலை 64 மடங்கு. ஆனால் ஒருமுறை பிரித்துவிட்டால், சமன்பாட்டின் வலப்பக்கம் எத்தனை முறை மாறினாலும் இரண்டு முக்கோணத் தீர்வுதான், விடை கையில். மெமரியில் அடங்கும், அல்லது அடங்காது. நடுவில் நம்மைத் தவிக்க விடுவதில்லை.

மெஷ் பெரிதாகப் பெரிதாக ஜிஎம்ரெஸ் மாதிரி ஒன்றைத் தவிர வழியில்லை என்று எனக்கும் தெரியும். நண்பனுக்குச் சொன்ன பதில்: எல்யு போடு. அடங்கவில்லையென்றால் ரேம் வாங்கிப் போடு.