எஃப்.டி. வட்டியா, டிவிடெண்டா? தோட்டம் விற்ற பணத்தின் ஏழு வருஷக் கணக்கு

2018 ஜூன் மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருந்த எங்கள் காபித் தோட்டத்தை விற்றோம். அப்பா போன பிறகு வாராவாரம் மலை ஏறி இறங்க ஆள் இல்லை. பழம் பறிக்கிற நேரத்தில் கூலிக்கு ஆள் தேடுவதே பெரும்பாடு. வந்த பணத்தை அண்ணனும் நானும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் தன் பாதியை அப்படியே வங்கியில் எஃப்.டி. (நிலையான வைப்பு) போட்டார். நான் டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் தொகை) தரும் ஆறு கம்பெனிகளின் பங்குகளை வாங்கினேன். ஒரே மாதம், ஒரே தொகை, இரண்டு வழி.

இப்போது தங்கை வீட்டுக்காரர் ஓய்வு பெறப் போகிறார். "எதுங்க மச்சான் எனக்குச் சரிப்படும்?" என்று கேட்டார். அவருக்காக உட்கார்ந்து போட்ட கணக்கு இது. நான் பங்குகளின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாக என் பக்கம் வரவில்லை.

வாடகை வீட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். எங்கள் சேலம் அழகாபுரம் பக்கம் 60 லட்சம் பெறுமான வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை வந்தால் பெரிது. வருஷத்துக்கு 3 சதவீதம். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை வரிக்கு முன் கழித்துக்கொள்ளலாம் என்பது நல்ல சலுகைதான். ஆனால் எங்கள் பாதியில் வீடு வாங்க முடியாது, அவசரத்துக்கு வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்கவும் முடியாது.

எஃப்.டி.யின் நன்மைகள் எல்லாருக்கும் தெரியும். தொகை குறையாது, தேதி தவறாது. ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அண்ணன் அதற்காகவே மூன்று வங்கிகளில் பிரித்துப் போட்டிருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறு பங்குகளையும் போட்டால் குழம்பும். ஐ.டி.சி.யை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். (சிகரெட் விற்கிற கம்பெனி வேண்டாம் என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். அந்த உறுத்தல் எனக்கும் உண்டு. அப்படி நினைப்பவர்கள் இதை விட்டு வேறு கம்பெனி பார்ப்பதில் தவறே இல்லை.) 2018 ஜூனில் ஒரு பங்கு சுமார் 270 ரூபாய். ஒரு லட்சத்துக்கு 370 பங்குகள். அதே ஒரு லட்சத்துக்கு அண்ணன் 7 சதவீத வட்டியில் வருஷம் 7,000 ரூபாய் வாங்கினார். 2023இல் புதுப்பித்தபோதும் ஏறக்குறைய அதே வட்டிதான்.

எனக்கு வந்தது இப்படி. 2018-19ஆம் நிதியாண்டுக்குப் பங்குக்கு 5.75 ரூபாய், அதாவது 2,127 ரூபாய். அண்ணனுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டுக்கு 10.15. பிறகு 10.75, 11.50, சிறப்பு டிவிடெண்டும் சேர்ந்து 15.50, அதன்பின் 13.75. கடைசியாக 2024-25க்கு 14.35, அதாவது 5,309 ரூபாய். ஏழு ஆண்டுகளையும் கூட்டினால் பங்குக்கு 81.75 ரூபாய். மொத்தம் சுமார் 30,250. அண்ணனுக்கு வந்த வட்டி 49,000.

ஆக, கையில் வந்த காசை மட்டும் பார்த்தால் ஏழு வருஷமும் அண்ணன்தான் முன்னால். ஏழாவது வருஷத்திலும் வருமானம் அவருக்கு 7,000, எனக்கு 5,300. டிவிடெண்ட் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை. அடுத்த மாதமே வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பவர் பங்குகளை நம்பி இறங்கக் கூடாது.

அப்புறம் ஏன் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்? என் மாமனாரைப் பார்த்ததால். 2013இல் ஓய்வு பெற்று வந்த 10 லட்சத்தை 9 சதவீத வட்டிக்குப் போட்டார். மாதம் 7,500 ரூபாய். அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் அதில் அடங்கியது. ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை) 4 சதவீதத்துக்கு இறக்கியது. அந்த வருஷக் கடைசியில் அவர் புதுப்பித்தபோது மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டியும் சேர்த்து ஐந்தரை சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது. மாதம் 4,600 ரூபாய்கூட இல்லை. அசலில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் மாத்திரைச் செலவு ஏழு வருஷத்தில் இரண்டு மடங்காகியிருந்தது. அன்றைக்கு வங்கியிலிருந்து வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்: வருமானம் எந்தத் திசையில் நகர்கிறது? எஃப்.டி. வட்டி ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. ஏறினாலும் நீண்ட காலத்துக்கு ஏறிக்கொண்டே இருக்காது. நல்ல கம்பெனியின் டிவிடெண்ட், லாபம் வளர வளர வளரும். 2,127 ரூபாய் ஆறு வருஷத்தில் 5,309 ஆனது. இதிலும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 5.75 ஒரே தாவலில் 10.15 ஆனது முழுக்க வளர்ச்சி இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் கட்டிவந்த டிவிடெண்ட் வரியை அரசு நீக்கியது. அந்த வரி, டிவிடெண்ட் பெறுபவர் தலைக்கு மாறியது. அதே சமயம் ஐ.டி.சி.யும் லாபத்தில் 80 முதல் 85 சதவீதத்தைப் பிரித்துக் கொடுப்பதாக அறிவித்தது. அந்தத் தாவலை விட்டுவிட்டு 10.15இலிருந்து 14.35 வரை மட்டும் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 7 சதவீத உயர்வு. விலைவாசியோடு ஓரளவு கூடவே நடக்கிறது. அது எனக்குப் போதும்.

அசலும் வளர்ந்தது. 2025 ஜூலையில் அந்தப் பங்கு 400 ரூபாய்க்கு மேல். 370 பங்குகள் 1,48,000 ரூபாயைத் தாண்டின. அந்த வருஷ ஜனவரியில் ஓட்டல் தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தபோது பத்துக்கு ஒன்று என 37 பங்குகள் கூடுதலாக வந்தன. அன்றைய விலையில் இதையெல்லாம் சேர்த்தால் நான்தான் முன்னால். ஆனால் 2020 மார்ச்சில் விலை 170க்கும் கீழே போனது. லட்சம் 63,000 ஆகி நின்ற நாட்களில் எனக்கும் தூக்கம் வரவில்லை. அண்ணன் நிம்மதியாகத் தூங்கினார்.

டிவிடெண்ட் வரும் என்பதற்கும் உறுதி இல்லை. என் ஆறில் ஒன்று வங்கிப் பங்கு. 2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, 2019-20 லாபத்திலிருந்து வங்கிகள் டிவிடெண்ட் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. வங்கி நல்ல லாபத்தில் இருந்தும் அந்த வருஷம் ஒன்றும் வரவில்லை.

பெரிய சதவீதத்தைப் பார்த்து வாங்குவதும் ஆபத்து. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையால் நம் பக்கத்தில் பலருக்கும் தெரிந்த பெயர் வேதாந்தா. 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு 29.50. முதல் எண்ணை நம்பி வீட்டு பட்ஜெட் போட்டவர் என்ன செய்வார்? ரெக்கார்டு தேதிக்கு (யாருக்கு டிவிடெண்ட் என்று முடிவு செய்யும் நாளுக்கு) முன்னால் ஓடிப்போய் வாங்குவதிலும் பயனில்லை. அன்று காலை பெரும்பாலும் ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு விலை இறங்கித்தான் தொடங்கும்.

வரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் நம் வருமானத்தோடு சேரும். 2025-26 கணக்குப்படி, ஒரு கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். நாமினி பெயரையும் வங்கிக் கணக்கையும் டீமேட்டில் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கில்) சரியாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஏழு வருஷம் வாங்காமல் விட்ட டிவிடெண்டும் அந்தப் பங்குகளும் ஐ.ஈ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல்.

எனக்கு இன்னும் சம்பளம் வருகிறது என்பதையும் சேர்த்தே இதைப் படியுங்கள். வரும் டிவிடெண்டைத் திரும்பப் பங்குகளிலேயே போட்டுவிடுகிறேன். அதை மட்டும் நம்பி மளிகைக் கடைக்குப் போன அனுபவம் எனக்கு இல்லை. 2020 போன்ற ஒரு வருஷம் ஓய்வுக்குப் பின் வந்தால் என் மனசு எப்படி இருக்கும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது.

தங்கை வீட்டுக்காரருக்கு நான் சொன்னது இதுதான். முதல் ஆறு வருஷச் செலவுக்கான தொகை எஃப்.டி.யில் இருக்கட்டும். மீதியை ஐந்தாறு கம்பெனிகளில் ஒரே நாளில் போடாமல், இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அண்ணனின் டெபாசிட் 2028 ஜூனில் முதிர்கிறது. அதில் கால் பங்கை இந்தப் பக்கம் மாற்றிப் பார்க்கிறேன் என்று போன வாரம்தான் சொன்னார்.