பனினி உலகக் கோப்பை ஸ்டிக்கர் ஆல்பம்: உள்ளே 18 பேர், சண்டை மீதி 8 பேருக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைக்கிற பொருள் என்று பார்த்தால் பனினியின் கால்பந்து உலகக் கோப்பை ஆல்பம் பிரமாதம். ஆனால் போட்டி தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்த இரண்டு மூன்று மாதம், "நம்ம கோச் யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார், யாரைக் கழற்றிவிடப் போகிறார்" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வாதாடிக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள் என்றால், எந்த இடத்தில் உங்களுக்கு உதவி தேவையோ சரியாக அந்த இடத்தில் இது கைவிட்டுவிடும். நான் பேசப்போவது பெரும்பாலும் 2022 கத்தார் ஆல்பத்தை வைத்து. அதற்கு முந்தையவையும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

பனினி இத்தாலியில் மொடேனா நகரத்துக் கம்பெனி, 1961-ல் தொடங்கியது. உலகக் கோப்பைக்கு முதல் ஆல்பம் 1970 மெக்சிகோ. அன்றிலிருந்து விஷயம் மாறவே இல்லை. ஆல்பத்தை வாங்கு, பாக்கெட்டைப் பிரி, உள்ளே யார் என்று பார், ஒட்டு, ஏற்கெனவே இருந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள். 2022-ல் மொத்தம் 670 ஸ்டிக்கர். 32 அணிகள், அணிக்கு இருபது (மிச்சம் முப்பது எந்த அணியையும் சேராத பொது ஸ்டிக்கர்). அணியின் இருபதில் ஒன்று சின்னம், ஒன்று அணியின் புகைப்படம், மீதி 18 ஆட்டக்காரர்கள். பழைய ஆல்பங்களில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக நம்பர் ஓடும். 2022-ல் அதை விட்டுவிட்டு ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வைத்து நம்பர் போட்டார்கள். மாற்றிக்கொள்ளும்போது இது நிஜமாகவே வசதி. "அர்ஜென்டினாவில் என்னென்ன இருக்கு" என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம்.

பணம் எவ்வளவு கரையும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எல்லா ஸ்டிக்கரும் சம அளவில் அச்சாகிறது என்றே வைத்துக்கொள்வோம். யாரிடமும் மாற்றாமல் தனியாக 670-ஐயும் நிரப்ப சராசரியாக 4,700 ஸ்டிக்கருக்கு மேல் வாங்க வேண்டும், பாக்கெட்டுக்கு ஐந்து என்றால் கிட்டத்தட்ட 950 பாக்கெட். வேடிக்கை என்னவென்றால் பாதி ஆல்பம் நூறு பாக்கெட்டுக்குள் நிரம்பிவிடும், "அட, சுலபமா இருக்கே" என்று தோன்றும். கடைசி ஒரே ஒரு ஸ்டிக்கருக்கு மட்டும் சராசரியாக 134 பாக்கெட். தனியாக இதைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான். குறைகிற ஸ்டிக்கரைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கம்பெனியிடமே நேரடியாக வாங்கிக்கொள்ளும் வழி பல நாடுகளில் உண்டு, அதைக் கடைசி வரை தொடாமல் வைத்திருங்கள். 2026-ல் போட்டி 48 அணிகள் என்று ஆனதும் அணிக்கு இருபது என்றாலே 960. தனியாக நிரப்ப நினைத்தால் ஏழாயிரத்தைத் தாண்டும். கூட்டாளி இல்லாதவர்கள் இறங்கவே வேண்டாம்.

இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அர்ஜென்டினாவே சாட்சி. 2022 செப்டம்பரில் அங்கே பெட்டிக்கடைகளில் ஸ்டிக்கர் கிடைக்காமல் ரகளையாகி, அரசின் வர்த்தகத் துறையே கடைக்காரர்களையும் பனினியையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டி வந்தது.

சரி, இனி நான் எழுத வந்த விஷயம்.

ஆல்பம் கடைக்கு வருவது போட்டிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். அச்சுக்குப் போவது அதற்கும் முன்னால். கத்தாருக்கான கடைசிப் பட்டியலைப் பயிற்சியாளர்கள் கொடுத்தது நவம்பர் நடுவில், போட்டி தொடங்க ஒரு வாரம்கூட இல்லாதபோது. அதாவது கோச்சுக்கே யார் வரப்போகிறார்கள் என்று தெரியாத காலத்தில் ஆல்பம் போடுகிறவர்கள் அணி எடுத்துவிடுகிறார்கள். அந்த வகையில் இவர்களும் நம்மைப் போன்ற ரசிகர்கள்தான். நம் பட்டியல் நம் வாயோடு போய்விடும், அவர்கள் பட்டியல் பளபளப்பாக அச்சாகி வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பிரான்ஸின் பென்சமாவும் செனகலின் சாடியோ மானேயும் 2022 ஆல்பத்தில் ஜம்மென்று இருக்கிறார்கள், இருவருமே கடைசி நேரக் காயத்தால் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கோச் பட்டியலிலும் அவர்கள் இருந்தார்களே, அதனால் இதில் ஆல்பத்தின் தப்பு ஒன்றுமில்லை.

என் புகார் அந்த 18 என்ற எண்ணில். கத்தாரில் ஒரு அணிக்கு 26 பேர் அனுமதி, அதற்கு முன்பு 2002 முதல் 23. இதில் முதல் பதினைந்து, பதினாறு பேரைப் பற்றி எந்த நாட்டிலும் யாரும் சண்டை போடுவதில்லை. எம்பாப்பேயை எடுக்கலாமா வேண்டாமா என்று எந்தப் பிரெஞ்சு ரசிகன் வாதாடினான்? அடிதடியெல்லாம் மூன்றாவது கோல்கீப்பருக்கும், நாலாவது சென்டர் பேக்குக்கும் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்), கிளப்பில் இரண்டு மாதம் நன்றாக ஆடிவிட்ட ஒரு பொடியனுக்கும், காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லியும் கோச் விடாமல் பிடித்து வைத்திருக்கும் மூத்தவருக்கும்தான். அந்த எட்டுப் பேருக்கு ஆல்பத்தில் இடமே கிடையாது. எங்கே எல்லோரும் ஒத்துப்போகிறோமோ அங்கே நிறுத்திக்கொள்கிறது.

அந்த எட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு கத்தாரையே காட்டலாம். பிரான்ஸ் அணியில் எங்கூங்கு பயிற்சியில் காயப்பட்டதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர் கோலோ முவானி. அரையிறுதியில் மொராக்கோவுக்கு எதிராக மைதானத்தில் இறங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் கோல் அடித்தார். இறுதிப் போட்டியில் பிரான்ஸ் மீண்டு வரக் காரணமான முதல் பெனால்டியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், எக்ஸ்ட்ரா டைம் முடியும் தறுவாயில் அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் காலால் தடுத்த அந்த ஷாட்டும் அவருடையதுதான். அது மட்டும் உள்ளே போயிருந்தால் கோப்பையே வேறு பக்கம். இப்படிப்பட்டவருக்கு ஸ்டிக்கர் இல்லை. போர்ச்சுகலின் கோன்சாலோ ராமோஸ் அணி அறிவிக்கப்பட்டபோது நாட்டுக்காக ஒரு போட்டிகூட ஆடியிருக்கவில்லை. நாக் அவுட்டில் ரொனால்டோவை உட்கார வைத்துவிட்டு இவரை இறக்கினார்கள், ஸ்விட்சர்லாந்துக்கு எதிராக ஹாட்ரிக். என்ஸோ ஃபெர்னாண்டஸ் அர்ஜென்டினாவுக்கு முதல்முறை ஆடியதே 2022 செப்டம்பரில், டிசம்பரில் போட்டியின் சிறந்த இளம் வீரர். ஆல்பத்தைப் புரட்டினால் இவர்களெல்லாம் கத்தாருக்கு வரவே இல்லை என்று தோன்றும்.

மூன்றாவது கோல்கீப்பர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "அவன் எப்படியும் ஆடப்போறதில்லை, யாரைக் கூட்டிப்போனா என்ன" என்று சொல்பவர்களிடம் 2014 நெதர்லாந்தைத்தான் சொல்வேன். கோஸ்டா ரிக்காவுடன் காலிறுதி, 120 நிமிடமும் கோல் இல்லை, பெனால்டிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கோச் வான் ஹால் முதல் கீப்பர் சில்லெசனை வெளியே எடுத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார். முதுகில் 23-ஆம் நம்பர், பட்டியலின் கடைசி எண். இரண்டு பெனால்டியைத் தடுத்தார், நெதர்லாந்து அரையிறுதிக்குப் போனது.

கோச்சுகளையும் நான் தெய்வமாக்கவில்லை. 2018-ல் ஜெர்மனி கோச் லோவ், அந்த சீசனில் இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரராகத் தேர்வான லெராய் சானேயை விட்டுவிட்டுப் போனார். மூன்று போட்டியில் இரண்டே கோல், தென் கொரியாவிடம் தோல்வி, குரூப்பில் கடைசி இடம். சானே இருந்திருந்தால் மாறியிருக்குமா? யாருக்குத் தெரியும். ஆனால் 2002-ல் பிரேசில் கோச் ஸ்கொலாரி ரொமாரியோவை விட்டபோது பிரேசிலே திரண்டு திட்டியது, பிரேசிலின் ரொனால்டோ எட்டு கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்ததும் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. 1982-ல் இத்தாலி கோச் பியார்சோட் செய்தது இதைவிட முரட்டுத்தனம். லீக்கில் அதிக கோல் அடித்த ப்ரூட்சோவை வீட்டில் விட்டுவிட்டு, சூதாட்ட வழக்கில் இரண்டு வருடத் தடை முடித்து வந்த ரோஸ்ஸியைக் கூட்டிப்போனார். முதல் நான்கு போட்டியில் ரோஸ்ஸிக்கு ஒரு கோல் இல்லை. அந்த நாலாவது போட்டியோடு இத்தாலி வெளியேறியிருந்தால் பியார்சோட்டை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மூன்று போட்டியில் ஆறு கோல், கோப்பை. முடிவு தெரிந்த பிறகு எல்லோருக்கும் மூளை வந்துவிடுகிறது. அதனால்தான் அறிவிப்புக்கு முந்தைய வாதம் மட்டுமே நேர்மையானது என்று நினைக்கிறேன், அங்கே யாருக்கும் விடை தெரியாது.

அந்த வாதத்துக்கு இந்த ஆல்பத்தால் ஒரு பயன் உண்டு, அது விளம்பரத்தில் வராது. ஒட்டாமல் மீந்துபோன டூப்ளிகேட்டுகளை வைத்து அணி எடுத்துப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு வெள்ளைத் தாளில் பெயர் எழுதி வெட்டிக்கொள்ளுங்கள். மேசையில் 26-க்கு மேல் இருக்கக்கூடாது, அதில் குறைந்தது மூன்று பேர் கோல்கீப்பர், உலகக் கால்பந்து அமைப்பான ஃபீஃபாவின் விதி. எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு சட்டமும் உண்டு: "இவனை எடுக்கணும்" என்று சொல்பவன் அதே மூச்சில் யாரை எடுக்கக் கூடாது என்றும் சொல்லி அந்த ஸ்டிக்கரைக் கையால் தூக்க வேண்டும். இதைச் செய்ய வைத்தால் பாதிப் பேரின் வாய் மூடிவிடும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவனும், லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்) இல்லாத அணியைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அமைதியாகிவிடுவான்.

லெஃப்ட் பேக் என்று சும்மா சொல்லவில்லை. கத்தாருக்கு பிரேசில் கோச் டிடே ஒன்பது ஃபார்வர்டுகளை எடுத்துப்போனார், ஃபிர்மினோ அந்த ஒன்பதிலும் இல்லை. 39 வயது டானி ஆல்வஸ் இருந்தார். பிரேசிலில் நடந்த ரகளை முழுக்க ஃபிர்மினோவையும் ஆல்வஸையும் பற்றியதுதான். கடைசியில் இடித்தது எங்கே? லெஃப்ட் பேக் இருவரும் காயம்பட்டார்கள், அதில் ஒருவர் ஊருக்கே திரும்ப, குரோஷியாவுக்கு எதிரான காலிறுதியை ரைட் பேக் டானிலோ இடது பக்கமும் சென்டர் பேக் மிலிட்டாவோ வலது பக்கமும் நின்று தொடங்க வேண்டியிருந்தது. மேசையில் ஸ்டிக்கரை அடுக்கிப் பார்க்கிறவனுக்கு இந்த ஓட்டை முன்பே கண்ணில் படும். பெயரை மட்டும் கத்துகிறவனுக்குப் படாது.

ஆல்பத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு அணியின் பக்கத்திலும் படம் இல்லாத காலிக் கட்டம் நாலைந்து விடுங்கள். கோச் அறிவித்ததும் நாங்களே பெயரை எழுதிக்கொள்கிறோம், அல்லது நாங்கள் நினைத்த ஆளை எழுதிவிட்டு அசடு வழிகிறோம். சில உலகக் கோப்பைகளுக்கு விடுபட்டவர்களைச் சேர்த்து அப்டேட் செட் என்று தனியாக விற்றிருக்கிறார்கள். அதை வாங்கி ஏற்கெனவே ஒட்டிய ஆளின் மேலேயே ஒட்ட வேண்டும் என்பது எனக்கு மனசு வராத காரியம். காயத்தால் போனவன் மேல் இன்னொருவனை ஒட்டுவதா?

இலவச டிஜிட்டல் ஆல்பமும் இருந்தது. போனில் பாக்கெட் பிரிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நாள் பொழுது போகும். கையில் எடுத்து எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்டி "இவனை விட்டுட்டு எப்படிடா ஜெயிப்பே" என்று கேட்க முடியாத ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பிள்ளைகளோடு சேர்ந்து ஒட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அணித் தேர்வுச் சண்டைக்காக வாங்குகிறவர்கள் ஆல்பத்தோடு கொஞ்சம் வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வரும்வரை டூப்ளிகேட் எதையும் கொடுத்துவிடாதீர்கள், அதிலும் முக்கியமாக டிஃபெண்டர்களை. ஃபார்வர்டு ஸ்டிக்கருக்கு ஆசைப்பட்டு மூன்று டிஃபெண்டரைத் தள்ளிவிட ஆள் எப்போதும் கிடைப்பான், அவனிடம் வாங்கிப் போடுங்கள்.