பெருநாள் துணி: காரைக்குடியில் தள்ளுபடிக் கடையும் தள்ளுபடி இல்லாத கடையும்

ரமலான் நோன்பின் கடைசிப் பத்து நாளில் பெருநாளுக்குத் துணி எடுக்க காரைக்குடியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். வாசலிலேயே '50% வரை தள்ளுபடி', 3,000 ரூபாய்க்கு எடுத்தால் தங்கக்காசு குலுக்கல் கூப்பன். சரக்கைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு எடுத்த சட்டைகள் இன்றுவரை சாயம் போகவில்லை.

ஆனால் அம்மாவுக்குப் பார்த்த கண்டாங்கிச் சேலையில் 1,900 என்பதை அடித்து 1,450 என்று ஒட்டியிருந்தார்கள், ஸ்டிக்கரின் ஓரம் பிரிந்திருந்தது, நகத்தால் தூக்கிப் பார்த்தால் அடியில் பழைய விலை 1,400. இதில் தள்ளுபடி எங்கே இருக்கிறது? சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கையை விட்டு, உள்ளே ஈரம் பட்டதும், மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்றும் சொன்னார்கள். அந்த ஈரம் என் கையில் பட்ட மாதிரி இருந்தது. சேலையை வைத்துவிட்டேன்.

பில் 2,650. இன்னும் 350க்கு எடுங்கக்கா, கூப்பன் கிடைக்கும் என்று கடைப் பையன் விடவே இல்லை. குலுக்கல் பற்றி எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் முன்பே கேட்டிருக்கிறேன்: விலையை ஏற்றாமல், நமக்குத் தேவையான பொருளோடு சும்மா வந்தால் கூடும் (அனுமதி உண்டு) என்கிற ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், உண்டு, கூப்பனுக்காகவே வாங்கினால் அது குர்ஆனின் மாயிதா அத்தியாயம் 90ஆம் வசனம் தடுக்கிற சூதாட்டத்தின் பக்கம் போய்விடும் என்றார். வேண்டாத துணி வீண்விரயம் வேறு. கார்டில் வட்டியில்லாத் தவணை என்றார்கள், தேதி தவறினால் வட்டி விழுமாம், ரொக்கமாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் கைத்தறிச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடை. ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காரைக்குடிக் கண்டாங்கி, விலை 1,350. கடைக்காரர் பெரியவர், நெற்றி நிறைய விபூதி, சேலையை முழுசாக விரித்து, "இந்தக் கரையில ஒரு இழை விட்டுப்போச்சு, பாத்துக்கங்கம்மா" என்று அவராகவே காட்டி 100 ரூபாய் குறைத்தார். குறையை மறைக்காமல் சொல்லி விற்றால்தான் வியாபாரத்தில் பரக்கத் (இறைவனின் அருள்வளம்) என்று நபிமொழியான ஹதீஸில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பெரிய கடை பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருந்தது. இவரோ, சாயம் போனால் கொண்டு வாங்க, மாற்றித் தருகிறேன் என்றார்.

அடுத்த பெருநாளுக்கும் அங்கேதான். நீங்கள் போனால் காலையிலேயே போங்கள், பெரியவர் மதியத்துக்கு மேல் கடை திறப்பதில்லை.