‘3,000 சொல் போதும், போஸ்டிங் உங்களுக்குத்தான்’: டிஆர்பி ஆங்கிலத்துக்குக் கோச்சிங் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோச்சிங் சென்டரில் நடந்த நான்காவது மாக் டெஸ்டில் 37-வது கேள்வி. ‘எனர்வேட்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? நான் ‘வலுவிழக்கச் செய்’ என்பதைக் குறித்திருந்தேன். தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் பெருக்கல் குறி. விடைக் குறிப்பில் ‘ஆற்றலூட்டு’ என்று இருந்தது. எனர்ஜி மாதிரி காதில் விழுகிறது, அதனால் எனர்ஜி. உண்மையில் லத்தீனில் நரம்பை உருவிவிடுவது என்ற பொருளில் பிறந்த சொல் அது.

எழுந்து கேட்டேன். சார் சிரித்துக்கொண்டே, “மேடம், டிக்‌ஷனரி வேற, எக்ஸாம் வேற. நம்ம கீதான் ஃபைனல்” என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை, ஏனென்றால் 15,000 ரூபாய் கட்டியிருந்தேன்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 2023 பிப்ரவரியில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், இரண்டாம் தாளில் பாஸ். முன்பெல்லாம் டெட் பாஸ் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பார்கள். 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட் வெறும் தகுதி மட்டும்தான், வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி, நடத்தும் ஒரு போட்டித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்கான அறிவிப்பு 2023 அக்டோபரில் வந்தது, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 2,222 இடங்கள். தேர்வு ஜனவரி 7 என்றார்கள். கையில் இருந்தது இரண்டரை மாதம், பள்ளியில் அரையாண்டுத் தேர்வு, வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. இந்த நிலைமையில் இருப்பவரிடம் யார் எதைச் சொன்னாலும் நம்புவார். நானும் நம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ். ‘அட்வான்ஸ்டு வொக்காபுலரி ஸ்பெஷல் பேட்ச். 3,000 சொல் போதும், போஸ்டிங் உங்களுக்குத்தான்’. கீழே வரிசையாகத் தேர்வானவர்களின் முகங்கள். இலவச டெமோ வகுப்புக்குப் போனேன். சார் பலகையில் ‘பல்க்ரிடியூட்’ என்று எழுதி, “இதுக்கு அர்த்தம் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க” என்றார். நாற்பது பேரில் ஒரு கைகூட எழவில்லை. அழகு என்று பொருளாம். “இதுகூடத் தெரியாம கவர்ன்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா?” என்று கேட்டார். அங்கே எங்கள் எல்லோருக்குமே கொஞ்சம் கூனிக்குறுகிப் போனது. அந்தக் கூச்சம்தான் அவர்களுடைய மூலதனம் என்று இப்போது புரிகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த எங்களுக்குள் ‘நம் ஆங்கிலம் பற்றாது’ என்ற பயம் எப்போதும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டி எழுப்பினால் போதும், பர்ஸ் தானாகத் திறந்துவிடும்.

கட்டணம் 18,000, அன்றைக்கே கட்டினால் 15,000 என்றார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு தனிநபர் நம்பரைக் காட்டி ஜிபே பண்ணச் சொன்னார். ரசீது கேட்டதற்கு, “ஐடி கார்டு வரும்போது தருவோம் மேடம்” என்றார். ஐடி கார்டு வந்தது, ரசீது வரவில்லை. இந்த ஒரு விஷயம் பின்னால் எவ்வளவு கழுத்தறுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், காலை பத்திலிருந்து நாலு வரை வகுப்பு. வகுப்பு என்றால், ஸ்பைரல் போட்ட நோட்ஸைத் திறந்து நூறு சொற்களைச் சார் வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். பிறகு டெஸ்ட். அடுத்த வாரம் அடுத்த நூறு.

நோட்ஸின் லட்சணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ‘நாய்சம்’ என்றால் இரைச்சலானது என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்கும் நாய்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அனாய் என்ற சொல்லோடு பிறந்தது, துர்நாற்றம் வீசும் என்று பொருள். ‘ரெஸ்டிவ்’ என்றால் ஓய்வாக இருப்பது என்று இருந்தது. உண்மையில் அது நிலைகொள்ளாமல் தவிப்பது. நகர மறுத்து முரண்டு பிடிக்கும் குதிரைக்குச் சொன்ன சொல். ‘பெனல்டிமேட்’ என்றால் கடைசிக்கு முந்தையது. நோட்ஸில் ‘மிக இறுதியானது’. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் ஆர்வம் இல்லாதவர் என்று மட்டும் போட்டுவிட்டு, பாரபட்சம் இல்லாதவர் என்கிற முதன்மைப் பொருளை விட்டிருந்தார்கள். அதாவது, சொல் பார்வைக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே பொருள் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அட்வான்ஸ்டு வொக்காபுலரி என்று ஒன்றைச் சோதிப்பதே, இப்படித் தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறவரையும் ஏமாறாதவரையும் பிரிக்கத்தான். இங்கே ஏமாறியவர் கேள்வி தயாரித்தவர்.

டிசம்பரில் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போக ஜிஆர்இ எழுதியவன். என் நோட்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது எங்க சீனியர்ஸோட பழைய மெட்டீரியல் மாதிரி இருக்கே” என்றான். எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினான். ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பது, ‘இதற்கு அது போல, அதற்கு எது’ என்று அனாலஜி கேட்பது, இரண்டையும் 2011 ஆகஸ்டில் ஜிஆர்இ-யிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். என் நோட்ஸில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வகைதான். வேறொரு நாட்டின் வேறொரு தேர்விலிருந்து, அங்கேயே குப்பைக்குப் போன பகுதியை எடுத்து, மேலே டிஆர்பி ஸ்பெஷல் என்று அட்டை போட்டு 15,000-க்கு விற்றிருக்கிறார்கள். ஜெராக்ஸில் தலைப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு டிஆர்பியின் பாடத்திட்டத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, இதில் என் தப்பும் இருக்கிறது. முதன்மைப் பாடத்தில் 150 கேள்வி, 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாடத்திட்டத்தில் பெரும்பங்கு கவிதை, நாடகம், உரைநடை, இந்திய ஆங்கில எழுத்து. மிச்சம் இலக்கணமும் மொழியியலும். பல்க்ரிடியூட்டுக்கு அதில் எங்கே இடம்?

அடுத்த ஞாயிறு சாரிடம் இதைக் கேட்டேன். “லிட்ரேச்சர் நீங்களே வீட்டுல படிச்சுக்கலாம் மேடம், வொக்காபுலரிதான் ஸ்கோரிங்” என்றார். அப்படியானால் வகுப்பில் பாடம் நடத்தும்போது தேவைப்படுகிற சொற்களையாவது எடுங்கள் சார், மைக்கேல் வெஸ்ட் பட்டியல், கல்விப்புலச் சொற்பட்டியல் என்றெல்லாம் இருக்கிறதே என்றேன். “அதெல்லாம் எல்கேஜிக்கு” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்பட எனக்கு உரிமை உண்டு. மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதைக் கண்ணால் பார்த்தவர். அடிக்கடி தேவைப்படும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1953-ல் வந்த அவருடைய பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். 2000-ல் நியூசிலாந்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விப்புலப் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். ஆசிரியருக்கு அட்வான்ஸ்டு என்றால் இந்தச் சொற்களையே ஆழமாகத் தெரிந்திருப்பதுதான்; எந்தச் சொல்லோடு எது சேரும், எங்கே சேராது, ஏன். ஸ்ட்ராங் டீ என்கிறோம், பவர்ஃபுல் டீ என்பதில்லை. ஏன் மிஸ் என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்பான். அதற்கு பல்க்ரிடியூட் உதவாது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் முதல் 14 ஒரு மதிப்பெண் கேள்விகளில் மூன்று சினானிம், மூன்று ஆன்டனிம், அப்புறம் முன்னொட்டு பின்னொட்டு, ஃப்ரேஸல் வெர்ப், கூட்டுச்சொல் என்று வரும். நாளைக்கு நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போவது இவற்றைத்தான். அந்தச் சென்டரில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

இன்னொரு பெரிய கொடுமை தமிழ்த் தாள். தமிழ் தகுதித் தேர்வில் 30 கேள்வி, 50 மதிப்பெண், குறைந்தது 20 வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 12 கேள்வி சரியாக இருந்தால் கரையேறலாம். பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனால் அந்த 20 வராவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். சார் இதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “தமிழ் நமக்குத் தெரியாததா, விடுங்க.” என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி சின்ன வயதிலிருந்து வட இந்தியாவில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆங்கிலத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். தமிழில் 20-க்குக் கீழே போய்விட்டது. அவருடைய 150 விடைகளும் திருத்தப்படாமலே போயின. அந்த மூன்று மாதத்தில் ஞாயிறுக்கு அரை மணி நேரம் தமிழுக்கு ஒதுக்கியிருந்தால் போதும்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு தேர்வு 2024 பிப்ரவரி 4-க்குத் தள்ளிப்போனது. படிக்க இன்னும் ஒரு மாதம் கிடைத்ததே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சென்டர் அதைவிடச் சந்தோஷப்பட்டது. ‘எக்ஸ்டென்ஷன் பேட்ச்’ என்று சொல்லி ஆளுக்கு 2,000 கேட்டார்கள். நான் கட்டவில்லை. கட்டாதவர்களை வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

தேர்வு எழுதினேன், தேர்வாகவில்லை. மூன்று மாதம் மனப்பாடம் செய்த சொற்களில் எனக்கு அங்கே கைகொடுத்தது ஒன்றோ இரண்டோ. தேர்வுக்குப் பிறகு டிஆர்பி தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டது. ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்தோடு பதிவு செய்யலாம், ஆனால் தரமான பாடநூல்தான் ஆதாரம், கைடும் நோட்ஸும் செல்லாது என்பது அங்கே விதி. “நம்ம கீதான் ஃபைனல்” என்ற குரல் அப்போது காதுக்குள் கேட்டது.

ஃபிளெக்ஸில் இருந்த முகங்களில் ஒருவர் என் கல்லூரி சீனியர். அவரிடம் பேசினேன். “அங்க ஒருநாள் ஃப்ரீ மாக் டெஸ்ட் எழுதினேன்மா, அவ்வளவுதான். போட்டோ எப்படிக் கிடைச்சுதுன்னே தெரியல” என்றார். இதற்கெல்லாம் இப்போது தடை இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. தேர்வானவரின் பெயரையோ படத்தையோ போட, அவர் தேர்வான பிறகு எழுத்துமூலம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அவர் எந்தக் கோர்ஸ் படித்தார் என்பதையும் போட வேண்டும். ஃபிளெக்ஸைப் பார்த்தால் முதலில் இதைக் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்டுப் போனபோது, “மெட்டீரியல் வாங்கிட்டீங்கல்ல மேடம்” என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று தெரிந்தது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் ரசீது? ஜிபேயில் இருப்பது ஒரு தனிநபரின் பெயர், சென்டரின் பெயர் இல்லை. கடைசியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஐடி கார்டு, ஃபிளெக்ஸ் போட்டோ, தப்பான பொருள் போட்ட பக்கங்களின் நகல் எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். பத்து நாளில் போன் வந்தது. ஆளுக்கு 5,000 திருப்பித் தந்தார்கள். மீதிக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. எனர்வேட் என்றால் என்ன என்று இப்போது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

எங்கே சேர்வதாக இருந்தாலும், பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். நோட்ஸில் பத்துச் சொற்களை நல்ல அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்க்கத் தரமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். சென்டர் பெயரில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். ஃபிளெக்ஸ் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். இப்போது 4,000 சொல்.